பழைய சீனாவோட சிற்றரசர்கள்: ராஜாவை சிம்மாசனத்துல உக்கார வச்சுட்டு நாட்டை ஆண்டவங்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சீனான்னாலே எல்லாரும் பெருஞ்சுவர், மண் சிப்பாய்கள், முதல் பேரரசர்னு அங்கயே போயிடறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஐந்நூறு வருஷம் பேருக்கு ஒரு ராஜா, நிஜத்துல அங்கங்க இருந்த சிற்றரசர்கள்தான் எல்லாம்னு ஒரு காலம் இருந்துச்சு. எனக்கு ரொம்ப பிடிச்ச ஏரியா இது. அதைப் பத்தி வழக்கமா வர்ற கேள்விகளை ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கேன்.

இந்த சிற்றரசர்கள் எங்கிருந்து வந்தாங்க?

கி.மு. 1046 வாக்குல ஜோ வம்சம் பழைய ஷாங் வம்சத்தை கவுத்துட்டு ஆட்சிக்கு வந்துச்சு. பிடிச்ச நிலம் ரொம்ப பெருசு, அப்போ ரோடும் கிடையாது ஆபீசரும் கிடையாது, அதனால தம்பி, பையன், சித்தப்பா, கூட நின்னு சண்டை போட்ட தளபதின்னு ஆளுக்கு ஒரு ஏரியாவைப் பிரிச்சுக் குடுத்து நீ போய் அங்க கோட்டை கட்டிக்கோ, கப்பம் கட்டு, கூப்பிட்டா படையோட வான்னு அனுப்பிட்டாங்க. கிழக்குல கடல் பக்கம் இருந்த ச்சி நாடு தளபதிக்குப் போச்சு, லூ நாடு ராஜாவோட சித்தப்பா குடும்பத்துக்கு, ஜின் நாடு ராஜாவோட சொந்தத் தம்பிக்கு. அந்தத் தம்பி கதை சூப்பரா இருக்கும். சின்னப் பையனா இருந்த ராஜா விளையாட்டுக்கு ஒரு இலையை பட்டயம் மாதிரி வெட்டி இந்தா உனக்கு இந்த நாடுன்னு தம்பிகிட்ட குடுத்தாராம், பக்கத்துல இருந்த பெரியவர் ராஜா வாயில வந்தா அது விளையாட்டு இல்லன்னு சொல்லி நிஜமாவே குடுக்க வச்சுட்டாராம். நடந்துச்சோ இல்லையோ, பின்னாடி ராஜாவையே ஆட்டி வச்ச ஜின் நாடு ஒரு இலையில ஆரம்பிச்சதுன்னு நெனச்சா நல்லாத்தான் இருக்கு.

பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கே, குழம்புதே?

எனக்கும் ஆரம்பத்துல தலை சுத்துச்சு. இவ்வளவு வச்சுக்கோங்க போதும்: ஜோ மேல உக்காந்திருக்கற ராஜ வம்சம். ச்சி கிழக்கு, ஜின் வடக்கு நடு, சின் மேற்கு (பின்னாடி மொத்த சீனாவையும் முழுங்கினது இதுதான்), சூ தெற்குல யாங்சி ஆத்துப் பக்கம். வூ, யுவே ரெண்டும் தென்கிழக்கு மூலை. சோங், ஜெங் ரெண்டும் நடுவுல மாட்டிக்கிட்டு எல்லார்கிட்டயும் அடி வாங்கினவங்க.

ராஜா எப்போ டம்மி ஆனாரு?

கி.மு. 771ல. மேற்குப் பக்கத்துல இருந்து வந்த படை ஜோ தலைநகருக்குள்ள புகுந்து ராஜாவைக் கொன்னுடுச்சு, கூட சேர்ந்து வந்தது யாருன்னா ராஜாவோட சொந்த மாமனார். மகளையும் பேரனையும் ஒதுக்கிட்டு வேற பொண்ணோட பையனுக்குப் பட்டம் கட்டினாரேன்னு அவருக்குக் கோவம். அடுத்த வருஷம் புது ராஜா கிழக்கே இப்போ லுவோயாங் இருக்கற இடத்துக்கு மாறிட்டாரு. பழைய நிலம் போச்சு, அதோட வரியும் படையும் போச்சு. மிஞ்சினது பட்டமும் பூஜை பண்ற உரிமையும்தான்.

எவ்வளவு டம்மின்னு காட்டறதுக்கு கி.மு. 707 போதும். ஜெங் நாட்டு சிற்றரசர் மரியாதை குடுக்கலன்னு ராஜாவே படை எடுத்துட்டுப் போறாரு. சண்டையில ஜெங் ஆள் ஒருத்தன் விட்ட அம்பு ராஜா தோள்ல ஏறுது, ராஜாவோட படை சிதறுது. துரத்திப் பிடிக்கலாமான்னு கேக்கறாங்க, வேணாம்னு சொல்லிட்டாரு ஜெங் சிற்றரசர். அதோட விடல, அன்னிக்கு ராத்திரியே ஒரு அமைச்சரை அனுப்பி ராஜாவுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கச் சொன்னாரு! அம்பு விட்டதும் அவங்க ஆளு, நலம் விசாரிச்சதும் அவங்க ஆளு. இந்தக் காலம் மொத்தமும் இப்படித்தான் ஓடுச்சு, ராஜாவை மதிக்கற மாதிரியே இருக்கணும், ஆனா அவரு பேச்சைக் கேக்கக் கூடாது.

'பா'ன்னு சொல்றாங்களே, அது என்ன பதவி?

சட்டப்படி பாத்தா மூத்தவர்னு அர்த்தம், சிற்றரசர்களுக்குள்ள அண்ணன் மாதிரி. நிஜத்துல அந்த நேரத்துல எவன் கை ஓங்கியிருக்கோ அவன். மத்த நாட்டுக்காரங்களைக் கூட்டி உடன்படிக்கை போட வைப்பாரு, சொன்னதை மீறினவனை அடிப்பாரு, எல்லாமே ராஜா பேர்ல. உடன்படிக்கைன்னா வெறும் ஓலை இல்ல. ஒரு மாட்டை பலி குடுத்து அதோட இடது காதை அறுத்து ரத்தம் எடுத்து எல்லாரும் உதட்டுல பூசிக்கிட்டு சத்தியம் பண்ணுவாங்க, எழுதினதை அந்த மாட்டோடயே குழியில போட்டு மூடுவாங்க. இப்பவும் சீனாவுல ஒரு துறையில யாரு முன்னணின்னு சொல்ல 'மாட்டுக் காதைப் பிடிச்சிருக்கறவர்'னுதான் சொல்றாங்க, வந்தது இங்கிருந்துதான்.

'பா'ன்னு மொத்தம் ஐந்து பேர்னு சொல்றாங்க, யார் யாரு?

லிஸ்ட் ஆளுக்கு ஆள் மாறும். ச்சி நாட்டு ஹுவான், ஜின் நாட்டு வென் ரெண்டு பேரும் எல்லா லிஸ்ட்லயும் இருப்பாங்க, சூ நாட்டு ஜுவாங்கும் முக்கால்வாசி லிஸ்ட்ல உண்டு. மிச்ச சீட்டுக்கு சின் நாட்டு மூ, சோங் நாட்டு சியாங், வூ நாட்டு ஹெலூ, யுவே நாட்டு கோவுஜியன்னு போட்டி. என்னைக் கேட்டா சோங் சியாங் பேரு எப்படி இதுல வந்துச்சுன்னே புரியல, கீழ சொல்றேன்.

முதல்ல வந்த ச்சி ஹுவான் அப்படி என்ன பண்ணாரு?

தன்னைக் கொல்லப் பார்த்தவனையே அமைச்சர் ஆக்கினாரு. கி.மு. 685ல ச்சி நாட்டு பட்டத்துக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குள்ள போட்டி, யார் முதல்ல தலைநகருக்குப் போறாங்களோ அவங்களுக்குத்தான். அண்ணன் பக்கம் இருந்த குவான் ஜோங் வழியில மறிச்சு அம்பு விட்டாரு, அது தம்பியோட இடுப்புக் கச்சை கொக்கியில பட்டுச்சு. தம்பி செத்த மாதிரி நடிச்சு, அந்தப் பக்கம் நிம்மதியா மெதுவா வர்றதுக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துட்டாரு. அந்தத் தம்பிதான் ஹுவான். குவான் ஜோங்கை வெட்டணும்னு நின்னவரை நண்பர் பாவோ ஷூயா தடுத்து, உங்களுக்கு ச்சி நாடு மட்டும் போதும்னா நான் போதும், எல்லா நாட்டுக்கும் மேல வரணும்னா இவன்தான் வேணும்னு சொல்லி சம்மதிக்க வச்சாரு.

ச்சி கடற்கரை நாடு, உப்பும் மீனும் கொழிக்கும். உப்பு இல்லாத ஊர் எதுவும் இல்லையே, பணம் தானா வந்துச்சு. அந்தப் பணத்துல படை, அந்தப் படையை வச்சு அடுத்தவங்களுக்கு உதவின்னு போனதுதான் மூளை. உதாரணம் வெய்னு ஒரு குட்டி நாடு. அதோட சிற்றரசருக்கு கொக்குன்னா உயிர், கொக்குக்கு பதவியே குடுத்து தேர்ல ஏத்தி ஊர்வலம் விடுவாரு. கி.மு. 660ல வடக்குல இருந்து எதிரி வந்தப்ப வீரருங்க, கொக்குக்குத்தானே பதவி குடுத்தீங்க, அதையே சண்டைக்கு அனுப்புங்கன்னுட்டாங்க. நாடு அழிஞ்சு தலைநகர்ல இருந்து ஆத்தைத் தாண்டி தப்பிச்சு வந்தது 730 பேர், பக்கத்து ரெண்டு ஊர் ஜனத்தை சேர்த்தாத்தான் 5000 தேறுச்சு. ஹுவான் 300 தேரும் 3000 வீரர்களும் அனுப்பி காவல் போட்டு, பின்னாடி புது ஊரே கட்டிக் குடுத்தாரு. இப்படி ஒருத்தர் பண்ணா யார்தான் மாட்டேன்னு சொல்லுவாங்க?

புல்லுக்கட்டுக்காக சண்டைக்குப் போனாங்களாமே, நிஜமா?

கி.மு. 656. இது ஆரம்பிச்சதே குடும்பச் சண்டையிலதான். ஹுவானோட ஒரு மனைவி சாய் நாட்டுப் பொண்ணு, குளத்துல படகை வேணும்னே ஆட்டி இவரை பயமுறுத்துச்சு, நிறுத்துன்னா நிறுத்தல. கோவத்துல பிறந்த வீட்டுக்கு அனுப்பிட்டாரு, விவாகரத்துன்னு சொல்லல, ஆனா அவங்க வீட்டுல வேற ஒருத்தருக்கு கட்டி வச்சுட்டாங்க. அதனால சாய் நாட்டு மேல படை, கையோட அப்படியே தெற்கே சூ நாட்டு எல்லைக்கும் போயிட்டாரு. சூ தூதர் வந்து, நீங்க வட கடல் பக்கம், நாங்க தென் கடல் பக்கம், நம்ம மாடும் குதிரையும் கூட ஒண்ணோட ஒண்ணு உரசாதே, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாரு. அதுக்கு குவான் ஜோங் சொன்ன காரணம்: ராஜாவோட பூஜைக்கு மது வடிகட்ட நீங்க அனுப்ப வேண்டிய புல்லுக்கட்டு வரல. இன்னொண்ணு, முந்தி ஒரு ஜோ ராஜா தெற்குப் பக்கம் வந்து திரும்பவே இல்லையே, அவருக்கு என்ன ஆச்சு? அது நடந்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு!

தூதர் அசரல. புல்லு எங்க தப்பு, அனுப்பிடறோம். அந்த ராஜா விஷயம் ஆத்தங்கரையில போய் கேட்டுக்கோங்கன்னாரு. கடைசியில சண்டையே இல்லாம சத்தியம் பண்ணிட்டு கலைஞ்சாங்க. படிக்க காமெடியா இருக்கும், ஆனா ஹுவானுக்கு அந்தப் புல்லுதான் முக்கியம். எனக்காக வரல ராஜாவுக்காக வந்தேன்னு சொல்ல ஒரு சாக்கு இருக்கணும்ல, அந்த சாக்குதான் அவரோட லைசென்ஸ்.

கி.மு. 651ல குவெய்ச்சியூங்கற ஊர்ல பெரிய கூட்டம் போட்டாரு. ராஜா தன்னோட முன்னோருக்குப் படைச்ச கறியை பிரசாதமா அனுப்பி, வயசாயிடுச்சு, இறங்கி வந்து கும்பிட வேணாம்னும் சொல்லி அனுப்பினாரு. ஹுவான் கேக்கல, ராஜாவோட கண்ணு என் முகத்துக்கு ஒரு அடி தூரத்துல கூட இல்லன்னு சொல்லிக்கிட்டே படி இறங்கி கும்பிட்டு, மறுபடி ஏறி வாங்கிக்கிட்டாரு. இவ்வளவு பணிவுக்கு எவ்வளவு பவர் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு போட்ட ஒப்பந்தத்துல ஆத்துல அணை கட்டி பக்கத்து நாட்டை வதைக்கக் கூடாது, பஞ்சத்துல தானியத்தை தடுக்கக் கூடாது, பட்டத்து இளவரசனை மாத்தக் கூடாதுன்னெல்லாம் இருந்துச்சு.

அவரோட முடிவு ரொம்ப மோசம்னு கேள்விப்பட்டேனே?

ஆமா, அந்த கடைசி ஷரத்தை மீறினதே அவர் வீடுதான். கி.மு. 645ல குவான் ஜோங் போயிட்டாரு. சாகறதுக்கு முன்னாடி மூணு பேரை பக்கத்துல விடாதீங்கன்னு சொன்னாருன்னு கதை. ஒருத்தன் சமையல்காரன், நரமாமிசம் மட்டும் சாப்பிட்டதில்லன்னு ஹுவான் சொன்னதுக்கு சொந்தப் பையனையே சமைச்சுப் போட்டவன். ஒருத்தன் அந்தப்புரத்துல வேலை பார்க்க தன்னைத்தானே காயடிச்சுக்கிட்டவன். ஒருத்தன் பெத்தவங்களை பார்க்கவே ஊருக்குப் போகாதவன். ஹுவான் அவங்களை விடல. கி.மு. 643ல படுக்கையில விழுந்தப்ப அஞ்சு பையன்களும் பட்டத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க, உடம்பு 67 நாள் அப்படியே கிடந்துச்சு, புழு வாசல்படி தாண்டி வந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. அத்தனை நாட்டையும் கட்டி மேய்ச்சவருக்கு சவப்பெட்டியில எடுத்து வைக்க ஆள் இல்ல.

ஜின் வென் 19 வருஷம் ஊர் ஊரா சுத்தினாரே, அதுக்கப்புறம் எப்படி மேல வந்தாரு?

அப்பா புதுசா வந்த மனைவி பேச்சைக் கேட்டு மூத்த பையனை சாகடிச்சாரு, இவரு (அப்போ பேரு சோங்அர்) கி.மு. 655ல ஓடிட்டாரு. போன இடமெல்லாம் அவமானம். ஒரு ஊர்ல சோறு கேட்டா விவசாயி மண்ணாங்கட்டியை எடுத்துக் குடுத்தான். கோவத்துல சாட்டையை ஓங்கினவரை கூட வந்த மாமா தடுத்து, மண்ணு குடுத்திருக்கான், நாடு கிடைக்கும்னு சகுனம்னு சொல்லி விழுந்து கும்பிட வச்சு வண்டியில ஏத்தினாரு. சாவோ நாட்டுல இவருக்கு விலா எலும்பு ஒட்டியிருக்கும்னு கேள்விப்பட்ட சிற்றரசர், இவர் குளிக்கறப்ப எட்டிப் பார்த்தாரு. ச்சி நாட்டுல மட்டும் 80 குதிரை, பொண்ணு, வீடுன்னு நல்லா கவனிச்சாங்க, இவரும் இங்கயே செட்டில் ஆயிடறேன்னுட்டாரு. பொண்டாட்டியும் மாமாவும் பேசி வச்சு நல்லா ஊத்தி விட்டு மயக்கத்துலயே தூக்கிட்டுப் போயிட்டாங்க. முழிச்சதும் மாமாவை ஈட்டி எடுத்துட்டு துரத்தினாராம்.

சூ நாட்டுல விருந்து வச்ச ராஜா, நீ ஜெயிச்சு ஊர் போனா எனக்கு என்ன தருவேன்னு கேட்டாரு. உங்ககிட்ட இல்லாதது என்ன இருக்கு, என்னிக்காவது நம்ம ரெண்டு படையும் மோதினா மூணு நாள் நடை தூரம் பின்வாங்கறேன்னாரு. கி.மு. 636ல சின் மூ படை குடுத்து ஊர்ல கொண்டு போய் உக்கார வச்சாரு. நாலே வருஷத்துல செங்பூங்கற இடத்துல 700 தேரோட சூ படைக்கு எதிர நிக்கறாரு, சொன்ன மாதிரியே 90 லீ, நம்ம கணக்குல 35-40 கிலோமீட்டர், பின்னாடி போனாரு. வாக்கும் காப்பாத்தியாச்சு, சூ தளபதி திமிரா உள்ள இழுத்துக்கிட்டு வந்ததும் ஆச்சு. அப்புறம் ஜின் ஆளுங்க குதிரைக்கு புலித்தோல் போர்த்தி எதிரியோட பலவீனமான பக்கத்துல விட்டாங்க, அந்தப் பக்கம் சிதறி ஓடுச்சு. சூ முகாம்ல இருந்த தானியத்தை மூணு நாள் உக்காந்து சாப்பிட்டாங்க.

அதே வருஷம் ஜோ ராஜாவை ஹேயாங்கற இடத்துக்கு வரச் சொல்லி மத்தவங்களை எல்லாம் அவர் முன்னாடி நிறுத்தினாரு. சிற்றரசர் ராஜாவுக்கு ஆள் அனுப்பி கூப்பிடறதா? அதை எழுத கை வராம வரலாற்றுக் குறிப்புல 'ராஜா ஹேயாங்ல வேட்டைக்குப் போனார்'னு போட்டு வச்சாங்க. எழுதினது கன்பூசியஸ்னு மரபு.

சோங் சியாங் நல்லவரா, முட்டாளா?

கி.மு. 638, ஹோங் ஆறு. சூ படை ஆத்துல பாதி இறங்கியிருக்கு, இப்போ அடிக்கலாம்னு அமைச்சர் சொல்றாரு, கூடாதுன்னுட்டாரு. கரையேறி இன்னும் அணிவகுக்கல, இப்பவாவது? கூடாது. அணிவகுத்ததும் அடிச்சாரு, மரண அடி வாங்கினாரு, தொடையில காயம், அடுத்த வருஷம் போயிட்டாரு. காயம்பட்டவனை திரும்ப குத்தக் கூடாது, நரைச்சவனை சிறை பிடிக்கக் கூடாதுன்னு அப்பவும் விளக்கம் குடுத்தாரு. அப்படி இரக்கம் இருந்தா சண்டைக்கே வராம இருந்திருக்கலாமேன்னு அமைச்சர் கேட்டது நியாயம்தான்.

சூ ஜுவாங் ஏன் 'ராஜா'ன்னு போட்டுக்கிட்டாரு?

சூ ஆளுங்க கி.மு. 704லயே ஜோ ராஜாவை கண்டுக்காம தங்களை ராஜான்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, வடக்குக்காரங்க கண்ணுக்கு அவங்க பாதி காட்டுவாசிங்க. ஜுவாங் ஒரு படி மேல போனாரு. கி.மு. 606ல ஜோ தலைநகர் பக்கத்துலயே படையை நிறுத்திட்டு, வரவேற்க வந்த அதிகாரிகிட்ட அரச சின்னமா இருந்த ஒன்பது வெண்கல அண்டாவும் என்ன எடை இருக்கும்னு கேட்டாரு. தூக்கிட்டுப் போக ஆசைன்னு அர்த்தம். அதிகாரி, எடை அண்டாவுல இல்ல, ஆளறவரோட நடத்தையில இருக்கு, இப்போதைக்கு கேக்க வேணாம்னு பதில் சொல்ல, ஜுவாங்கும் கிளம்பிட்டாரு.

கி.மு. 597ல பிங்கற இடத்துல ஜின் படையை துவைச்சாரு. ஓடின ஜின் ஆளுங்க படகுல ஏற அடிச்சுக்கிட்டு, ஏறினவன் விளிம்பைப் பிடிச்சவன் விரலை வெட்ட, படகுக்குள்ள விரலை கையால அள்ளலாம்ங்கற அளவு கிடந்துச்சாம். அதே சண்டையில இன்னொரு காட்சி: ஒரு ஜின் தேர் பள்ளத்துல மாட்டிக்கிச்சு, துரத்தி வந்த சூ வீரனே குறுக்குக் கட்டையை எடு, கொடியைக் கழட்டுன்னு சொல்லிக் குடுக்கறான். வெளிய வந்ததும் ஜின் ஆள் திரும்பிப் பார்த்து, உங்க நாட்டுக்காரங்க அளவுக்கு எங்களுக்கு ஓடிப் பழக்கம் இல்லப்பான்னுட்டுப் போறான். எதிரி பொணத்தை குவிச்சு வெற்றி மேடு கட்டலாம்னு சொன்னதை ஜுவாங் வேணாம்னுட்டாரு.

சின் மூ? யுவே கோவுஜியன்?

மூ மேற்கோட நின்னுட்டாரு, கிழக்கே வர்ற வழியை ஜின் அடைச்சிருந்துச்சு, கி.மு. 627ல தாண்டிப் பார்த்து மொத்தப் படையும் போச்சு. அவரு கி.மு. 621ல செத்தப்ப 177 பேரை கூடவே புதைச்சாங்க, அதுல ஊரே மதிச்ச மூணு பேர் உண்டு.

கோவுஜியன் கதை பெருசு, சுருக்கமா: கி.மு. 494ல வூ ராஜாகிட்ட தோத்து, தினம் பித்தப்பையை நக்கி அவமானத்தை ஞாபகம் வச்சுக்கிட்டு, கி.மு. 473ல வூ நாட்டையே இல்லாம பண்ணாரு. ஜெயிக்க வச்ச அமைச்சர்ல ஒருத்தர் ஃபான் லி உடனே கிளம்பிட்டாரு, முயல் செத்தா வேட்டை நாய்தான் அடுத்த குழம்புன்னு நண்பருக்கு எழுதியும் போட்டாரு. நண்பர் போகல, ராஜா வாளை அனுப்பி செத்துக்கோன்னுட்டாரு. கோவுஜியன் பேர் பொறிச்ச வெண்கல வாள் ஒண்ணு 1965ல ஹூபெய்ல ஒரு கல்லறையில கிடைச்சுது, 55 சென்டிமீட்டர் சொச்சம், 2400 வருஷம் கழிச்சும் கூர்மை போகல. வூஹான்ல இருக்கற ஹூபெய் மாகாண மியூசியத்துல இருக்கு.

இவ்வளவு பவர் இருந்தும் ஏன் யாரும் ஜோ ராஜாவை இறக்கிட்டு உக்காரல?

உக்கார்ந்தா மத்த எல்லாரும் சேர்ந்து அடிப்பாங்க. ராஜா இருக்கறவரைக்கும் நான் ராஜா பேர்ல பேசறேன்னு சொல்லலாம், அவரு இல்லன்னா நீ வெறும் பக்கத்து நாட்டுக்காரன். ஆனா இதே வித்தையை அவங்க வீட்டுக்குள்ளயே வேற யாரோ பழகிட்டு இருந்ததை பார்க்கல. ஜின் நாட்டுல பெரிய அமைச்சர் குடும்பங்க படையையும் நிலத்தையும் பிரிச்சுக்கிட்டு, கி.மு. 453ல ஹான், ஜாவோ, வெய்னு மூணா பங்கு போட்டுக்கிட்டாங்க. (இந்த வெய் கொக்கு வளர்த்த வெய் இல்ல, வேற.) கி.மு. 403ல ஜோ ராஜாவே அவங்களுக்கு சிற்றரசர் பட்டம் குடுத்தாரு, வேற வழி?

ச்சி நாடும் அப்படித்தான் போச்சா?

அது இன்னும் அமைதியா போச்சு. ச்சியில தியான்னு ஒரு குடும்பம், வெளியூர்ல இருந்து பிழைக்க வந்தவங்க. அவங்க வீட்டு மரக்கால் அரசாங்க மரக்காலை விட பெருசு. ஜனங்களுக்கு தானியம் கடன் குடுக்கறப்ப வீட்டு மரக்கால்ல அளந்து குடுப்பாங்க, திரும்ப வாங்கறப்ப அரசாங்க மரக்கால்ல வாங்குவாங்க. கி.மு. 539லயே ச்சி அமைச்சர் யான் யிங் ஜின் நாட்டுக்குப் போனப்ப இதைச் சொல்லி, எங்க நாடு தியான் கைக்குப் போயிடும்னு புலம்பியிருக்காரு. அப்போ ஆண்ட ஜிங், ஹுவானோட வழியில வந்தவர், குதிரைப் பைத்தியம். அவரோடதுன்னு சொல்ற கல்லறையை ஷான்டோங்ல லின்சி பக்கத்துல இப்பவும் பார்க்கலாம், சுத்தி ஓடற குழியில வரிசை வரிசையா ஒருபக்கமா சாய்ச்சு படுக்க வச்ச குதிரை எலும்புக்கூடு, மொத்தம் 600 இருக்கும்னு கணக்கு. ஜிங் கி.மு. 490ல போனாரு. சரியா நூறு வருஷத்துக்குள்ள, கி.மு. 391ல, ஹுவான் வம்சத்தோட கடைசி சிற்றரசரை தியான் குடும்பம் கடலோரத்துல ஒரு ஊரைக் குடுத்து, முன்னோருக்கு பூஜை பண்ணிக்கிட்டு இருங்கன்னு அனுப்பி வச்சுது.